ஒரு வீட்டுக்கு ஒரு டீம்

ஜூலை 14, ஞாயிறு

மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி ஜனவரியில் கொடுத்த டைரி இது. இத்தனை மாதமாக மாவு சலிக்கும்போது சல்லடைக்குக் கீழே வைக்கத்தான் பயன்பட்டது. இன்று திறந்துவிட்டேன். யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும். சொல்லக்கூடிய ஆட்கள் எல்லாரும் இன்று அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர்கள்தான்.

பிற்பாடு யாராவது படித்தால் நியாயம் விளங்க வேண்டும் என்பதற்காக முதலிலிருந்து எழுதுகிறேன். மேடவாக்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் பத்துப் பேர் சேர்ந்து ஒரு கற்பனைக் கால்பந்து லீக் நடத்துகிறோம். இங்கிலாந்தில் நிஜமாக ஆடுகிற வீரர்களில் ஆளுக்குப் பதினொரு பேரைப் பொறுக்கி ஒரு டீம் அமைக்க வேண்டும். ஒரு வீரன் ஒரு டீமில்தான் இருக்கலாம். அங்கே அவன் கோல் போட்டால் இங்கே நமக்குப் புள்ளி. சீசனுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் உட்கார்ந்து முறை வைத்து வீரர்களை எடுப்போம். அதற்குப் பெயர் டிராஃப்ட். அதை நடத்துபவர் கமிஷனர். ஆறு வருடமாகக் கமிஷனர் நான். விதிகள் இருபத்திரண்டையும் எழுதியவள் நான். பத்துப் பேரில் ஒரே பெண் நான். போன சீசனில் கோப்பை வாங்கியதும் நான். இந்தக் கடைசி வாக்கியம்தான் பிரச்சினை.

டிராஃப்ட் தேதி முடிவு செய்யத்தான் கூடினோம். பத்ரிநாத் எழுந்தார். பி-303காரர், குடியிருப்புச் சங்கச் செயலாளர்.

"மேடம், ஒரு சின்ன திருத்தம். ஒரு வீட்டுக்கு ஒரு டீம்தான் இருக்கணும். பார்க்கிங் மாதிரி."

ஒரே வீட்டில் இரண்டு டீம் இருப்பது எங்கள் ஏ-204இல் மட்டும். ஒன்று என்னுடையது. மற்றது என் கணவர் தணிகாசலத்தினுடையது. போன வருடம் ஒரு ஆள் குறைந்தபோது நான்தான் அவரை இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தேன். ஞாயிறு ஆனால் நான் டிவி முன்னால், அவர் பேப்பர் முன்னால் என்று எத்தனை வருடம் ஓட்டுவது. கார்னருக்கும் பெனால்டிக்கும் வித்தியாசம் இன்றுவரை தெரியாது. பத்தாவது இடம் பிடித்தார்.

"நான் என்ன தப்பு செஞ்சேன்னு சொல்லுங்க" என்றேன்.

"தப்புன்னு யார் சொன்னா? பிப்ரவரில சார் உங்களுக்கு ஒசாண்டேவக் கொடுத்துட்டு, பெஞ்சுல உக்கார்ற ஒரு கோல்கீப்பர வாங்கிக்கிட்டாரே. அந்த மாதிரி நடக்கக் கூடாதுன்னுதான்."

ஒசாண்டே போன சீசனில் இருபத்தொன்பது கோல் போட்டவன். அந்த மாற்றம் விதிப்படி நடந்தது. இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டோம். அன்றைக்கு எங்கள் திருமண நாள் என்பது தற்செயல். நான் கேட்கவில்லை. அவராகக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு ரகசியச் சீட்டில் ஓட்டெடுப்பு என்று முடிவாகியிருக்கிறது. கூட்டம் முழுக்க என் கணவர் வாயைத் திறக்கவில்லை. பிஸ்கட் சாப்பிட்டார்.

ஜூலை 16, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் லேபில் இன்று நூற்று நாற்பது ரத்த மாதிரி. புதிதாகச் சேர்ந்த பெண் இரண்டு குழாயில் பெயர்ச் சீட்டை மாற்றி ஒட்டப் பார்த்தாள். பிடித்துவிட்டேன். பத்தொன்பது வருடத்தில் என் கை ஒட்டிய சீட்டு ஒன்றுகூட மாறியதில்லை. அப்படிப்பட்டவளைப் பார்த்து வீட்டுக்குள்ளேயே கள்ள வியாபாரம் என்கிறார்கள்.

வீட்டுக்கு வந்தால் ஹாலில் நாலு பேர். இவர் வேளாண்மைத் துறையில் உதவி இயக்குநர் என்பதால் குடியிருப்பில் யாருக்குச் சான்றிதழ் நகல் அட்டெஸ்ட் செய்ய வேண்டுமானாலும் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். பச்சை மையில் 'உண்மை நகல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்துவார். ஒவ்வொன்றையும் அசலோடு வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் போடுவார். ஏ-102 ஜோயலின் மார்க் ஷீட்டுக்கு இருபது நிமிடம். ஹோட்டலிலும் இவர் இப்படித்தான். மெனு அட்டையை வாங்கினால் சர்வர் வேறு இரண்டு மேஜையைக் கவனித்துவிட்டு வரவேண்டும். கடைசியில் ஊத்தப்பம் என்பார்.

ஜோயல் போகும்போது வாசலில் நின்று சொன்னான்: "கவலப்படாதீங்கக்கா. என் ஓட்டு உங்களுக்குத்தான்."

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்துவிட்டதாம். ஆடி மாதத்தில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது என்று பத்ரிநாத் வாட்ஸப்பில் போட்டிருக்கிறார். சீசன் தொடங்குவது ஆகஸ்ட் பதினாறு. அதுவரைக்கும் ஆடிதான். இங்கிலாந்துக்காரனிடம் போய் ஆவணி முகூர்த்தம் பார்த்து ஆடு என்று சொல்லட்டும். மாலை ஏழு மணிவரை குழுவில் சண்டை. கடைசியில் ஆகஸ்ட் 11 ஞாயிறு, காலை பத்தரை, ராகு காலம் எமகண்டம் எதுவும் இல்லாத நேரம் என்று ஒப்புக்கொண்டார்கள். பஞ்சாங்கம் பார்த்ததும் நான்தான்.

ஜூலை 21, ஞாயிறு

தோற்றுவிட்டேன்.

கணக்கு எளிது. பத்து ஓட்டு. நான், இவர், சி-101 அன்வர் பாய், ஜோயல், டாக்டர் தயாளன் என்று ஐந்து பேர் 'இல்லை' போடுவதாக இருந்தோம். ஐந்துக்கு ஐந்து வந்தால் மூன்றாம் விதிப்படி பழைய நிலையே தொடரும். மாவு டப்பாவில் சீட்டுப் போட்டோம். நானும் பத்ரிநாத்தும் எண்ணினோம். ஆம் ஆறு. இல்லை நாலு.

என்னிடம் தலையாட்டிய நாலு பேரில் ஒருவர் மாற்றிப் போட்டிருக்கிறார். சிரித்துக்கொண்டே கழுத்தறுப்பது என்பது இதுதான். 'ஆம்' சீட்டுகளில் ஒன்று பச்சை மையில் இருந்தது. பேனாக் கடைக்குப் போனால் எத்தனை நிறத்திலும் பேனா கிடைக்கும். அதை நான் ஆராயவில்லை.

இத்தோடு முடியவில்லை. "அப்ப எந்த டீம் போகணும்?" என்று அன்வர் பாய் கேட்டார். என் கணவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். அதற்குள் பத்ரிநாத் சங்கப் பதிவேட்டைத் திறந்துவிட்டார்.

"ஃபிளாட் யார் பேர்ல இருக்கோ அவங்க டீம்தான். ஏ-204, திரு. தணிகாசலம். ரெக்கார்டு அப்படித்தான் இருக்கு மேடம். பார்க்கிங்குக்கும் இதே ரூல்தான்."

வீட்டுக் கடன் இவர் அரசாங்க வேலையைக் காட்டி வாங்கியதால் பத்திரம் இவர் பெயரில். அது போதுமாம். பத்தாவது இடம் வந்தவருக்கு டீம் உண்டு. கோப்பை வாங்கியவள் வெளியே நிற்க வேண்டும். எழுந்தவர் திரும்ப உட்கார்ந்துவிட்டார். அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

எல்லாம் முடிந்து பத்ரிநாத் சொன்னதுதான் உச்சம். "கமிஷனரா நீங்களே இருங்க மேடம். இனிமே நீங்க நியூட்ரல். இன்னும் சௌகரியம்."

ஆள் சேர்க்கவும், பட்டியல் எழுதவும், ஹால் பிடிக்கவும், எல்லாருக்கும் டீ ஊற்றவும் நான் வேண்டும். ஆடத்தான் கூடாது. மறுத்திருப்பேன். மறுத்தால் ஜோயல் ஏதோ ஆப்பில் ஏற்றிவிடுவான். ஆறு வருடம் கையால் வளர்த்ததை ஒரு மெஷினிடம் விட மனம் வரவில்லை. சரி என்றேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குக் குக்கர் வைத்துக்கொண்டே கேட்டேன். "நீங்க 'இல்லை'தானே போட்டீங்க?"

"அது வந்து சுகுணா..." என்று ஆரம்பித்தார். விசில் வந்தது. "உங்களப் போய்க் கேக்கறேன் பாருங்க" என்று அடுப்பை அணைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 22, திங்கள்

அன்வர் பாய்தான் என்று நினைக்கிறேன். 'எந்த டீம் போகணும்' என்று எடுத்துக் கொடுத்ததே அவர்தானே. அவர்கள் வீட்டு பிரியாணி டப்பா மூன்று வாரமாக இங்கே இருந்தது. கழுவிக் காலியாகவே திருப்பிக் கொடுத்தேன். வழக்கமாக ஏதாவது போட்டுத்தான் கொடுப்பேன். அவர் மனைவி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

ஜூலை 24, புதன்

அன்வர் பாயாக இருக்காது. லிஃப்டில் என்னைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டார். அப்படியானால் ஜோயல்.

ஜூலை 25, வியாழன்

ஜோயல் தன் அம்மா மேல் சத்தியம் செய்கிறான். டாக்டர் தயாளன் சீட்டு எழுதும்போது அவருக்குப் பின்னால்தான் நின்றேன். 'இல்லை' போட்டதை என் கண்ணால் பார்த்தேன். பார்த்தது விதிமீறல்தான். பார்த்துவிட்டேன்.

இதற்கு மேல் இந்த விஷயத்தைத் துருவப் போவதில்லை. எனக்கு வேறு வேலை இருக்கிறது.

ஜூலை 28, ஞாயிறு

வேலைகள்: இருநூற்று இருபது வீரர்களை இடம்வாரியாகப் பிரித்து எழுதியாயிற்று. கோல்கீப்பர் மஞ்சள், தடுப்பு நீலம், நடுக்களம் ஊதா, முன்களம் சிவப்பு. லேபில் குழாய் மூடிக்கு உள்ள நிறங்களைத்தான் பிடித்துக்கொண்டேன். சார்ட் பேப்பர் நாலு. ஸ்டாப் வாட்சுக்குப் புது பேட்டரி. பார்ட்டி ஹாலை ஆகஸ்ட் 11 அன்று அம்மனுக்குக் கூழ் ஊற்ற ஏற்கெனவே எடுத்துவிட்டார்களாம். ஒரு மாதம் முன்பே நான் எழுதிக் கொடுத்த கடிதம் எங்கே போனது என்று செயலாளருக்குத் தெரியவில்லை. டேபிள் டென்னிஸ் அறையைத் தருகிறார்கள். மேஜைக்கு நடுவில் இருக்கும் வலையை மட்டும் கழற்றக் கூடாதாம். கழற்றினால் திரும்ப மாட்டத் தெரியாதாம்.

இவர் காலையில் என்னோடு ஸ்கூட்டரில் மார்க்கெட்டுக்கு வந்தார். சிக்னலில் நிற்கும்போது, "சுகுணா, ஒரு விஷயம் சொல்லணும், கோவப்படாம கேளு" என்றார். நான் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டேன். கோபப்படாமல் கேட்கிற நிலையில் நான் இல்லை. முருங்கைக்காய் வாங்க மறந்துவிட்டோம்.

ஆகஸ்ட் 1, வியாழன்

சமையலறை மேடையில் ஒரு தாள் கிடந்தது. இவர் கையெழுத்து. பச்சை மை. அரசாங்கக் கடிதம் மாதிரி மேலே பெறுநர் செயலாளர் என்று போட்டு, 'பொருள்: ஏ-204 இல்லத்தின் அணி உரிமை தொடர்பாக' என்று கோடு கிழித்திருந்தார்.

அந்த ஒரு வரியோடு நிறுத்திவிட்டேன். பதிவேட்டில் பெயர் இருந்தது போதாதென்று எழுத்துமூலமாக வேறு உரிமையை உறுதி செய்துகொள்ளக் கிளம்பிவிட்டார். இருபது வருடம் ஒரே கூரைக்கு அடியில் இருந்துவிட்டு, எனக்குத் தெரியாமல் பத்ரிநாத்துக்கு மனு எழுதுகிறார். தாளின் மேல் சூடான வாணலியை வைத்துவிட்டு லேபுக்குப் போனேன். மாலை வந்தபோது தாள் இல்லை. வேறு படி எடுத்துக் கொடுத்துவிட்டார் போலிருக்கிறது.

 இன்று ஒரு நோயாளிக்கு ரத்தம் எடுக்க இரண்டு தடவை குத்த வேண்டி வந்தது.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. லெமன் சாதம், புளி சாதம், தேங்காய் சாதம். மூன்றையும் செய்து மேஜையில் வைத்தேன். பேசவில்லை. அவரும் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டார்.

பிறகு இருப்புப் பட்டியல் எழுத உட்கார்ந்தேன். ஒன்பதாம் விதி: ஒருவர் தன் முறை வந்து தொண்ணூறு நொடிக்குள் வீரரைச் சொல்லாவிட்டால், கமிஷனரின் இருப்புப் பட்டியலில் மிச்சமிருப்பவர்களில் மேலே உள்ள பெயர் அவர் டீமுக்குப் போய்விடும். பட்டியலை முன்கூட்டியே உறையில் போட்டு ஒட்டிவிடுவேன்; டிராஃப்ட் அன்றுதான் பிரிப்பேன். நேர்மையாக எழுதப்படும் என்ற நம்பிக்கையில்தான் அந்த விதியே நிற்கிறது. போன வருடம் ஒன்பது முறை நேரம் தவறியது. ஒன்பதும் ஒரே ஆள். ஊத்தப்பக்காரர்.

காலையில் எழுதி வைத்திருந்த பட்டியலைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். இந்த முறை அனுபவத்துக்கு முன்னுரிமை கொடுத்திருக்கிறேன். முதல் பெயர் ஹார்ல். இரண்டு உலகக் கோப்பை ஆடியவன். மே மாதம் முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது உண்மைதான். முழங்கால் யாருக்கும் வலிக்கும். இரண்டாவது விங்க்ளர். வயது முப்பத்தேழு என்பது ஒரு குற்றமா? மூன்றாவது பாலாசெக்கை அவன் கிளப் துருக்கிக்கு அனுப்பப் போவதாகப் பேச்சு, பேச்சுத்தானே. இப்படிப் பதினைந்து பேர். எல்லாரும் பெயர் எடுத்தவர்கள். வரிசை அமைப்பது கமிஷனரின் உரிமை. ஒன்பதாம் விதி, உட்பிரிவு ஆ.

எழுதி முடித்துக் கை கழுவினேன். லேபில் செய்வதுபோல முழங்கை வரைக்கும்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

உறையை ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் நானும் பத்ரிநாத்தும் கையெழுத்துப் போட்டோம். "உங்க பட்டியல்னா கண்ண மூடிட்டு எடுத்துக்கலாம் மேடம்" என்றார். இந்த மனிதர் வாயிலிருந்து முதல்முறையாக ஒரு நல்ல வார்த்தை, அதுவும் இன்றைக்குப் பார்த்து.

ஆகஸ்ட் 9, வெள்ளி

உறையை இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன். ஒட்டியது ஒட்டியதுதான்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பத்தரை மணிக்கு ஒன்பது பேரும் டேபிள் டென்னிஸ் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நடுவில் வலை. பக்கத்து ஹாலில் அம்மனுக்கு உடுக்கை. வரிசைக்குச் சீட்டு எடுத்தோம். முதல் சீட்டு யாருக்கு வந்தது தெரியுமா? இவருக்கு. அதாவது ஒசாண்டே இவருக்கு. எவனுக்கும் தெரிந்த பெயர். யோசிக்கவே வேண்டாம். ஒரு வார்த்தை சொன்னால் போதும், கோப்பையில் பாதி வீட்டுக்கு வந்துவிடும். என் வீட்டுக்குத்தான், என்னுடையதாக இல்லாமல்.

ஸ்டாப் வாட்சை அழுத்தினேன். இவர் கைகளைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். முப்பது நொடி. அறுபது. "சார், ஒசாண்டே இருக்கான் சார்" என்று ஜோயல் முனகினான். இவர் தலையை ஆட்டினார். எண்பது. கையில் பேனாகூட இல்லை. தொண்ணூறு.

உறையைப் பிரித்து, "ஹார்ல்" என்று படித்தேன்.

அடுத்த முறை பத்ரிநாத்துடையது. மூச்சு விடாமல் "ஒசாண்டே" என்றார். பிறகு டம்ளரில் தண்ணீர் குடித்தார்.

இரண்டாம் சுற்றில் இவர் முறை வந்தது. கை கட்டினார். தொண்ணூறு நொடி. விங்க்ளர். மூன்றாம் சுற்று. பாலாசெக். "அவன் துருக்கிக்குப் போயிட்டான்னு நேத்து நியூஸ் வந்துச்சேக்கா" என்றான் ஜோயல். "பட்டியல்ல இருக்கு" என்றேன். நான்காம் சுற்றிலும் கை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. இவர் யோசிக்கவில்லை. யோசிக்கும்போது இவர் மேல்உதட்டைத் தடவுவார். இன்று தடவவே இல்லை.

கூழ் கொடுக்கிறார்கள் என்று இடைவேளை விட்டோம். வராந்தாவில் இரண்டு டம்ளரோடு வந்து ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"எதுக்கு இப்படிப் பண்றீங்க? ஒசாண்டேவப் போய் விட்டுட்டீங்களே" என்றேன்.

"இருபது நாள் கழிச்சுப் பேசற. முதல் பேச்சே ஒசாண்டேதானா?"

"சொல்லுங்க."

"அந்தப் பச்ச சீட்டு என்னோடதுதான் சுகுணா. ஒரு வீட்டுக்கு ஒரு டீம்னா என்னோடது போயிடும்னு நெனச்சேன். எனக்கு அதுல ஒண்ணும் புரியல. பிப்ரவரில நான் அந்தப் பையன உனக்குக் கொடுத்ததாலதானே உன்னப் பேசினாங்க. நான் விலகிட்டா யாரும் பேச மாட்டாங்கன்னு பார்த்தேன். பதிவேட்டத் தூக்கிட்டு வருவாருன்னு நான் கண்டேனா?"

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"எப்ப?" என்றார்.

அவ்வளவுதான் கேட்டார். குக்கர், ஹெல்மெட், வாணலி என்று எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தது.

"டீம உன் பேருக்கு மாத்தித் தரணும்னு மனு கொடுத்தேன். ரூல்ல இடமில்லன்னு சொல்லிட்டாரு. அப்புறம் உக்காந்து உன் ரூல் அத்தனையும் படிச்சேன். ஒன்பதாவது கண்ணுல பட்டுது. நான் வாயத் தொறக்கலன்னா உன் பட்டியல்தானே வரும்? பதினோரு பேரும் நீ எடுத்த ஆளுங்க. பேருக்குத்தான் அது என் டீம். இத யார் கேக்க முடியும்? நீ எழுதின ரூலாச்சே." சிரித்தார். "நான் ஒண்ணையும் கெடுக்காம இருந்தாப் போதும்னு கையக் கட்டி வெச்சிருக்கேன்."

டம்ளரை ஜன்னல் திட்டில் வைத்தேன்.

"மிச்சம் இருக்கறத நீங்களே எடுங்க. தயவுசெஞ்சு எடுங்க" என்றேன்.

"எனக்கு யாரத் தெரியும்? நீ படி."

ஏன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுத்தேன். பின்னாலிருந்து பத்ரிநாத்தின் குரல். "மேடம், டிராஃப்ட் நடக்கும்போது கமிஷனர் ஒரு டீம்காரர்கிட்டத் தனியாப் பேசக் கூடாது. பதினாலாவது ரூல். நீங்களே எழுதினது." இவர் உடனே நகர்ந்துவிட்டார். சட்டம் என்றால் இவருக்குச் சட்டம்தான்.

இன்னும் ஏழு முறை ஸ்டாப் வாட்சை அழுத்தினேன். ஒவ்வொரு முறையும் தொண்ணூறு நொடி இவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஏதோ பரிசு கொடுத்துவிட்டவர்போல. ஒவ்வொரு முறையும் நான் தாளைப் பார்த்து ஒரு பெயர் படித்தேன். முழங்கால். முதுகு. முப்பத்தாறு வயது. ஆறு மாதத் தடை. என் குரல் யாருக்கும் கேட்கவில்லை என்று கடைசியில் டாக்டர் தயாளன் சொன்னார்.

ஆகஸ்ட் 12, திங்கள்

அன்வர் பாய் வீட்டுக்குப் பால் கொழுக்கட்டை கொடுத்துவிட்டு வந்தேன். டப்பாவைத் திருப்பித் தர வேண்டாம் என்றேன்.

ஆகஸ்ட் 14, புதன்

யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் மூன்று நாளாகப் பத்ரிநாத் மேல் கோபமாக இருக்கிறேன். ஆறவில்லை.

ஆகஸ்ட் 17, சனி

ஆவணி பிறந்துவிட்டது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேட்ச்.

இவர் நாலே முக்காலுக்கே டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார். இந்த வீட்டில் இதுவரை நடக்காத காரியம். ஒரு தட்டில் முறுக்கு. மடியில் ஒரு தாள். பதினொரு பெயரையும் வரிசையாக எழுதி, எதிரில் அவரவர் கிளப், சட்டை எண் எல்லாம் போட்டிருந்தார். கீழே பச்சை மையில் 'உண்மை நகல்'. கையெழுத்து, தேதி, முத்திரை.

"எதுக்கு முத்திரையெல்லாம்?" என்றேன்.

"சும்மாதான். உன் பட்டியலாச்சே."

மேட்ச் தொடங்கியது. சட்டை முதுகில் எண் தெரியும்போதெல்லாம் தாளைக் குனிந்து பார்த்தார். அரைமணி நேரம் போயிற்று. ஒசாண்டே ஒரு கோல் போட்டான். பி-303 ஜன்னலிலிருந்து பத்ரிநாத் கத்தியது இங்கே கேட்டது.

"ஏன் சுகுணா, நம்மாளுங்க ஒருத்தனையும் காணோமே. எப்ப எறங்குவாங்க?"

"எறங்க மாட்டாங்க" என்றேன்.

"அடுத்த மேட்ச்லயா?"

எழுந்து போய் என் தாளை எடுத்து வந்தேன். காலையிலேயே எழுதிவிட்டேன். அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்காக. 'இருப்புப் பட்டியல் கமிஷனரால் தெரிந்தே கெடுக்கப்பட்டது. ஏ-204 அணியின் பதினொரு தேர்வுகளும் செல்லாது. லேப் வழக்கப்படி சொன்னால், மறு மாதிரி எடுக்க வேண்டும். அதை வேறொருவர் எடுக்கட்டும். நான் பொறுப்பிலிருந்து விலகுகிறேன். சுகுணா.'

வாங்கிப் படித்தார். ஒரு தடவை படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வரி வரியாகப் படித்தார். மேல்உதட்டைத் தடவினார். இடைவேளை விசில் ஊதினார்கள். விளம்பரம் ஓடியது.

"அவ்வளவு கோவமா எம்மேல?"

"ஆமா."

"அத்தன பேரும் அடிபட்டவனுங்களா?"

"ஒருத்தன் துருக்கில இருக்கான்."

சிரிக்கவில்லை. ஒரு முறுக்கை எடுத்து உடைத்தார். சாப்பிடாமல் தட்டிலேயே வைத்தார். அவருக்கு வலிக்கிறது என்று தெரிந்தது. இருபது வருடத்தில் அவர் முகத்தை இப்படிப் பார்த்ததில்லை. நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். எனக்கு வந்தது அழுகைதான்.

"இத ஒட்டினா பத்ரி என்ன ஆட்டம் ஆடுவான்னு தெரியுமில்ல?" என்றார்.

"ஆடட்டும். அவர் ஆடினாலும் இதுல எழுதியிருக்கறது நடந்ததுதானே."

சட்டைப் பையிலிருந்து பச்சைப் பேனாவை எடுத்தார். முதலில் மடியிலிருந்த பட்டியலைத் திருப்பி, கீழே தான் போட்ட கையெழுத்தின் மேல் குறுக்காக ஒரு கோடு இழுத்து 'ரத்து' என்று எழுதினார். பிறகு என் கடிதத்தை டீப்பாயில் வைத்து நேராக்கினார். என் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார்.

"நீங்க எதுக்குப் போடறீங்க? தப்பு என்னோடது" என்றேன்.

"ஒரு வீட்டுக்கு ஒண்ணுதானே" என்றார். "ரெண்டு பேரும் சேர்ந்தே ஒட்டிட்டு வரலாம், வா."

ஒட்டிவிட்டு வந்தோம். பார்க்கிங் அறிவிப்புக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. திரும்பி வருவதற்குள் ஒசாண்டே இரண்டாவது கோலும் போட்டுவிட்டான்.